பத்து முட்டையும் ஒரு பட்டதாரியும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. தட்டில் எதை வைத்தாலும் அதன் பூர்வீகத்தைச் சொல்லாமல் என்னால் வாயில் போட முடியாது. இட்லிக்கு மிளகாய்ப்பொடி வைத்தால், "மிளகாய் நம்ம ஊர்ச் சரக்கே இல்லை, கப்பல் ஏறி வந்தது, அதுக்கு முன்னாடி காரத்துக்கு நம்ம ஆட்கள் மிளகைத்தான் இடிச்சாங்க" என்று ஆரம்பித்துவிடுவேன். கேட்பவர் முகம் போகிற போக்கைப் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போது கிடையாது. (இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.)

வியாதி தொற்றியது சேலத்தில் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்த நாட்களில். வாரப் பத்திரிகைகளில் பக்கம் நிரம்பாத இடத்தில் துணுக்கு போடுவார்கள் அல்லவா, கதையை விட்டுவிட்டு நான் முதலில் அதைத்தான் படிப்பேன். படித்ததைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டி வைப்பேன். தின்பண்டத்தைப் பற்றியது என்றால் அதற்குத் தனிப் பக்கம். எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி, அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஜேடர்பாளையம் சாலையில் இருக்கும் என் புகுந்த ஊருக்கு வந்தபோது, என்னோடு வந்த சீர்வரிசையில் அண்டாவுக்கு அடுத்தபடி கனமான பொருள் அந்த நோட்டுதான்.

புகுந்த வீட்டில் முதல் விருந்திலேயே என் பெருமையை நிலைநாட்டினேன். ஜவ்வரிசிப் பாயசம் பரிமாறினார்கள். "இதுக்குப் பேருதான் அரிசி. உண்மையில இது மரவள்ளிக் கிழங்கு மாவு, தெரியுமா?" என்றேன், ஏதோ புதையலைத் திறந்து காட்டுகிறவள் போல.

மாமனார் நிதானமாகப் பாயசத்தைக் குடித்து முடித்தார். "அந்தக் கெழங்கே நம்ம காட்டுலதான் வெளையுது அம்மிணி. கைகழுவப் போறப்ப எட்டிப் பாரு, தெரியும்" என்றார்.

பந்தியில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் கொங்கு நாட்டு மரியாதை. நான் கைகழுவப் போன பிறகு சிரித்தார்கள். கிணற்றடி வரை கேட்டது.

மாமியாரும் தப்பவில்லை. அவரிடம் ஆறேழு நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. "அத்தை, கோழியோட காது மடலைப் பார்த்தே முட்டை என்ன நிறம்னு சொல்லிடலாம். வெள்ளைக் காதுன்னா வெள்ளை முட்டை. சிவப்புக் காதுன்னா பழுப்பு, இல்லேன்னா சந்தன நிறம். பெரும்பாலும் தப்பாது" என்றேன்.

"கோழிக்குக் காதா?" என்று கேட்ட அத்தை, வாசலில் உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்து, "ஏனுங்க, இனிக் கோழிக்கெல்லாம் காதுகுத்துச் சீரு வெக்கோணுமாட்ட இருக்குதுங்க" என்றார். ஆனால் மறுநாள் காலையில் செவலைக்கோழியை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அதன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இப்போது என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்துப் பையன்கள் பலரையும் போல அவரும் எட்டு வருஷம் ரிக் வண்டியில் போனவர். போர்வெல் போடுகிற ரிக் லாரி ஒருமுறை கிளம்பினால் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றிவிட்டு, மழைக்குத்தான் ஊர் திரும்பும். அந்த வாழ்க்கை போதும் என்று, அப்பாவின் நிலத்தில் ஓரமாக ஒரு கொட்டாய் போட்டு, ஐந்நூறு வெள்ளைக் கோழிகளை விட்டிருந்தார். லெகார்ன் ஜாதி. கோழிப்பண்ணை வைத்திருப்பதால் மாப்பிள்ளை ஊரோடு இருப்பார் என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் எனக்குப் பேசி முடித்தார்கள்.

என் மாமனார் பழனிக்குக் காவடி எடுத்ததிலிருந்து கவுச்சியை விட்டவர். எறும்பு ஊர்ந்தால் நின்று வழிவிடுவார். மகன் முட்டைக்காகக் கோழி வளர்ப்பதில் அவருக்குப் பெரிய சம்மதம் இல்லை, ஆனால் வாயைத் திறந்ததும் இல்லை. திறக்க வைத்தவர் பால் சொசைட்டியில் பால் அளக்கும் ராசப்பண்ணன். ஒரு நாள் கேனை நீட்டிய கையோடு கேட்டுவிட்டார்.

"ஏனுங்க மாமா, நீங்க கவுச்சியை உட்டது சரி. தெனமும் நானூறு உசுர அட்டையில அடுக்கி லாரியில ஏத்தறீங்களே, அந்தப் பாவம் உங்கூட்டுக்குங்களா, லாரிக்காரனுக்குங்களா?"

ராசப்பண்ணன் விளையாட்டாகத்தான் கேட்டார். மாமனார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மகனைக் கூப்பிட்டு, "தை பொறந்தா கொட்டாயைப் பிரிச்சரலாஞ் சாமி. நெலம் என்னுது. பாவம் என்ற தலையில வாண்டாம்" என்றார்.

"சேரிங்கப்பா" என்றார் இவர். அவ்வளவுதான் பேச்சு. பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ரிக் மொதலாளிகிட்டச் சொல்லி வெக்கோணும். போனா எட்டு மாசமாவது ஆவும் திரும்பி வர. நீ வேணா உங்கம்மா ஊட்டுல இருந்துக்க."

கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எட்டு மாதம் என்பதை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், எப்படி எண்ணினாலும் குறையவில்லை.

அடுத்த வாரம் ஒறம்பரையாக உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். ராசப்பண்ணனும் பந்தியில் இருந்தார். ரசம் பரிமாறிக்கொண்டிருக்கும்போது மாமனார் கொட்டாய் பிரிக்கிற பேச்சை எடுத்தார். என் வியாதி கிளம்பிவிட்டது.

"மாமா, அந்த முட்டையில உயிரே கிடையாது!"

எல்லோர் கையும் இலையில் அப்படியே நின்றது.

"அந்த முட்டையை எத்தனை நாள் அடை வச்சாலும் பொரியாது மாமா. கொட்டாயில ஒரு சேவல்கூட இல்லையே!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். ராசப்பண்ணன் முகத்தை வெகு அப்பாவியாக வைத்துக்கொண்டு, "சேவலுக்கும் முட்டைக்கும் என்னங்க அம்மிணி சம்பந்தம்?" என்றார். தினமும் இருபது கோழி மேய்க்கிற மனிதர், தெரியாமலா கேட்பார்? நான் தெரியாமல்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். கல்லூரியில் அது பதினைந்து மதிப்பெண் கேள்வி. நான் முழு மதிப்பெண் வாங்கியவள். பந்தியின் நடுவில் நின்று, மாமனார் உட்பட பதினாறு பேருக்கு, சேவலின் பங்கு, கோழியின் பங்கு, கரு உண்டாகும் விதம் எல்லாவற்றையும் கையால் படம் போட்டு விளக்கினேன். மாமனார் கூரையின் ஓடுகளை எண்ண ஆரம்பித்தார். அத்தையின் கரண்டி ரசத்துக்குள் விழுந்தது. இவருக்குத் திடீரென்று மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டிய ஞாபகம் வந்து எழுந்து போய்விட்டார்.

நான் முடித்ததும் மாமனார் தொண்டையைக் கனைத்தார். "படிச்ச புள்ளை சொல்லுது. நான் படிக்காதவன். கண்ணுல பாத்தா நம்பிக்கிறேன். கொட்டாய் முட்டையை அடை வெச்சுப் பாக்கலாம். இருவத்தோரு நாளுல ஒரே ஒரு குஞ்சு பொரிஞ்சாலும் கொட்டாய் கீழ. ஒண்ணுமே பொரியிலீன்னா, இந்தப் பேச்சை நான் சாவற வரைக்கும் எடுக்க மாட்டேன். ராசப்பா, நீ சாச்சி."

நான் சிரித்தேன். இவ்வளவு சுலபமாக ஜெயிக்கலாம் என்று தெரிந்திருந்தால் ஆறு மாதம் முன்பே பேசியிருப்பேனே!

அன்றைய முட்டையில் நல்ல வெள்ளையாகப் பத்து முட்டை பொறுக்கி, மாமனாரும் ராசப்பண்ணனும் பார்க்க எண்ணி, அத்தையிடம் கொடுத்தேன். செவலைக்கோழி அப்போது அடைக்குக் கொக்கரித்துக்கொண்டிருந்தது. மாட்டுக்கொட்டாய் மூலையில் கூடையில் உமி பரப்பிக்கொண்டிருந்தார் அத்தை.

"எத்தனை?" என்றார்.

"பத்து அத்தை."

"பத்தா?"

"பத்துன்னா சதவீதம் போடச் சுலபம்" என்றேன். (பூஜ்யத்துக்கு எதற்குச் சதவீதம் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை.)

அத்தை உமிக்குள் ஓர் இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய் மூன்றையும் புதைத்தார். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடாமல் இருக்க அப்படி வைப்பார்களாம். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "மிளகாயே கப்பல்ல வந்ததுதான் அத்தை. அதுக்கு முன்னாடி இங்க இடியே இடிக்கலையா? கோழியே பொரிக்கலையா?"

"நீ போய் உன்ற சோலியப் பாரு சாமி" என்றார் அத்தை. "அடை வெக்கறது என்ற வேலை."

நானும் போய்விட்டேன். விலங்கியல் பட்டதாரி ஒருத்தி, தன் வாழ்க்கையையே பந்தயம் வைத்த சோதனையை மேற்பார்வை பார்க்காமல், துணுக்கு நோட்டுக்கு அட்டை போடப் போனாள். இதை எங்கள் பேராசிரியை கேட்டிருந்தால் பட்டத்தைத் திரும்பக் கேட்டிருப்பார்.

அந்த மூன்று வாரமும் நான் தரையில் நடக்கவில்லை. டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். நாமக்கல் சந்தையில் வளையல் வாங்கிய கடைக்காரரிடம் சொன்னேன். இருபத்தோராம் நாள் காலை எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று ஊரையே கூப்பிட்டேன். "எதுக்குப் புள்ள இத்தனை பேரு?" என்று இவர் பயந்துகொண்டே கேட்டார். "சாட்சி எத்தனை இருக்கோ அத்தனை நல்லது" என்றேன்.

அந்தக் காலையில் நாற்பது பேராவது வந்திருப்பார்கள். நல்ல சேலையாக எடுத்துக் கட்டியிருந்தேன். அத்தனை பேருக்கும் காபி கொடுத்தேன். கொடுக்கும்போதே, காபித்தூளில் கலக்கிற சிக்கரி காபியே அல்ல, ஒரு செடியின் வேர் என்று சொன்னேன். இரண்டு பேர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

எல்லோரும் மாட்டுக்கொட்டாய்க்குப் போனோம். மாமனார் விபூதி பூசி, துண்டைத் தோளில் போட்டு முன்னால் நின்றார். நான் ஒரு சின்ன முன்னுரை ஆற்றினேன். பிறகு அத்தை குனிந்து செவலைக்கோழியை இரண்டு கையாலும் மெல்லத் தூக்கினார்.

"கீச்" என்றது கூடை.

அவ்வளவு கூட்டத்திலும் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. செவலை நிறத்தில், இன்னும் ஈரம் காயாத ஒரு குஞ்சு, ஊரைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. மறுபடியும் "கீச்" என்றது. என் ஆறு மாத மானத்துக்கு இரண்டு கீச் போதுமானதாக இருந்தது.

"சேவல் இல்லாமப் பொறந்த புள்ளைங்களா அம்மிணி இது?" என்றார் ராசப்பண்ணன். கூட்டம் இந்த முறை நான் கைகழுவப் போகும்வரை காத்திருக்கவில்லை.

மாமனார் சிரிக்கவில்லை. "பாத்தியா அம்மிணி, நீ சொன்ன சொல்லை நம்பியிருந்தா அந்தப் பாவத்துல நானும் பங்குதான். கொட்டாயப் பிரிச்சரலாம்" என்றார். கோபமில்லாமல் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. இவர் என்னைத் திட்டவில்லை. கிட்டே வந்து, "உடு புள்ள. மத்தியானமா திருச்செங்கோடு போயி ரிக் மொதலாளியப் பாத்துட்டு வாரேன்" என்றார். அந்த இடத்திலேயே என் நோட்டை மாட்டுக்குப் போட்டுவிடலாம் போலிருந்தது.

அழுகையை மறைக்கக் கூடைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். உமியில் உடைந்த ஓட்டின் பாதி கிடந்தது. கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று அதை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். துடைத்தேன், துடைத்தேன், ஓடு வெளுக்கவில்லை. சந்தன நிறமாகவே இருந்தது.

அத்தையின் கையில் இருந்த செவலைக்கோழியைப் பார்த்தேன். எழுந்து போய் அதன் தலையைத் திருப்பினேன். காது மடல் சிவப்பு. நல்ல குங்குமச் சிவப்பு.

"மாமா!" என்று கத்தினேன். கோழி பறந்தே போய்விட்டது. "இது நம்ம கொட்டாய் முட்டை இல்லை மாமா! கொட்டாய்க் கோழிக்கு எல்லாம் வெள்ளைக் காது, வெள்ளை முட்டைதான் போடும். இது சிவப்புக் காதுக் கோழி போட்ட முட்டை!"

"அடை படுத்த அழுக்குங்க அது" என்றார் ராசப்பண்ணன்.

"அப்ப மிச்சத்தை எண்ணுங்கண்ணா. நீங்கதானே சாட்சி!"

ராசப்பண்ணன் கூடைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். ஒன்று, இரண்டு என்று கூட்டமே சேர்ந்து எண்ணியது. ஒன்பதில் எண்ணிக்கை நின்றது. கையை இன்னும் ஆழமாக விட்டுத் துழாவினார். இரும்புத் துண்டு வந்தது. மிளகாய் வந்தது. கடைசியாகப் பத்தாவது முட்டையும் வந்தது. பத்தும் முழுசாக, அழுக்கைத் துடைத்தால் பாலாக வெளுத்தன.

"நான் கொடுத்தது பத்து. பத்தும் இங்கே இருக்கு. அப்ப பொரிஞ்சது யார் முட்டை?"

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். அப்போது அத்தை தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நாந்தானுங்க வெச்சேன்" என்றார். "இந்தப் புள்ளை பத்துன்னு கொண்டாந்து குடுக்குது. ரட்டப்படையில அடை வெச்சா வெளங்குமாங்க? எங்கம்மா ஊட்டுலயும் சரி, இங்கயும் சரி, என்னைக்குமே ஒத்தப்படைதான். அதுதான் நம்ம செவலை போட்டதுல ஒண்ணை எடுத்துப் பதினொண்ணா வெச்சேன்."

"ஏண்டி, இதை அப்பவே சொல்லப்படாதா?" என்றார் மாமனார்.

"அடை வெக்கறதை எல்லாம் ஆருகிட்டங்க சொல்லிட்டு வெப்பாங்க? நீங்க வெதைக்கறப்ப எங்கிட்டச் சொல்லிட்டா வெதைக்கிறீங்க?"

பந்தயத்துக்காக வைத்த அடையாக இருந்தாலும் அடை அடைதான், அதை விளங்காத எண்ணிக்கையில் வைக்க அத்தைக்கு மனம் வரவில்லை. பந்தயம் வேறு, சாஸ்திரம் வேறு. நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று பாவம் அவருக்குத் தெரியவில்லை.

மாமனார் நியாயஸ்தர். "மிச்சம் பத்தையும் ஒடச்சுப் பாத்தரலாம்" என்றார். தட்டு கொண்டுவந்து நானே ஒவ்வொன்றாக உடைத்தேன். தண்ணீராகிப்போன மஞ்சள் கருவும் வெள்ளையும்தான். குஞ்சின் அடையாளம் ஒரு பொட்டுகூட இல்லை. ஏழு, எட்டு என்று உடைக்க உடைக்க எனக்குத் தலைக்கனம் திரும்ப ஏறியது. ஒன்பதாவது முட்டையை ராசப்பண்ணன் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்து, "இதையும் பாருங்கண்ணா" என்றேன்.

அது வெடித்தது. பாதி என் சேலையில், பாதி அவருடைய வெள்ளைச் சட்டையில். அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவரும் திறமை எனக்கு இல்லை. கூட்டம் மாட்டுக்கொட்டாயை விட்டு வாசலுக்கு ஓடியது.

"உசுரு இல்லாமயா இப்படி நாறும்?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார் ராசப்பண்ணன்.

"தக்காளி கூடத்தான் அழுகுனா நாறுது" என்றார் மாமனார். "அதுல என்ன உசுரு இருக்குது? எண்ணுனது நீ, பாத்தது நானு. என்ற மருமவ சொன்னதுதான் சரி. கொட்டாய் நிக்கட்டும்."

வெற்றி பெற்றவர்களுக்கு மாலை போடுவார்கள். எனக்கு அத்தை தலையோடு மூன்று குடம் தண்ணீர் ஊற்றினார். இவர் அன்று திருச்செங்கோட்டுக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. அதன்பின் ரிக் பேச்சையே எடுக்கவில்லை. ஐந்நூறு கோழி ஐயாயிரமானது இந்தக் கைகளால்தான் என்று இன்றும் எனக்குப் பெருமை உண்டு.

பொரிந்த குஞ்சு சேவலானது. அதற்கு ஊர் வைத்த பெயர் 'டிகிரி'. மாமனாரோ, பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம்கூட, "அது வெறும் பண்டமுங்க, அதுல உசுரே இல்லீங்க" என்று விளக்க ஆரம்பித்து, எங்கள் பண்ணைக்கு அவரைவிடப் பெரிய விளம்பரம் இல்லை என்றானது. (சேவலின் பங்கு வரும்போது மட்டும், "அதை என்ற மருமவகிட்டக் கேளுங்க" என்று என்னைக் காட்டிவிடுவார்.) அவர் கடைசிவரை முட்டை தின்னவில்லை. கேட்டால், "உசுரு இல்லைங்கறது சேரி அம்மிணி. அந்த ஒம்போதாவது முட்டை இன்னம் மூக்குலயே இருக்குதே" என்பார்.

அத்தை மட்டும் என் துணுக்குகள் எதையும் நம்பவில்லை, ஒன்றைத் தவிர. சந்தையில் கோழி வாங்கப் போனால் முதலில் காதைத்தான் பார்ப்பார்.

எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, போதும் என்று நாங்கள் முடிவு செய்தபோதும் அவர்தான் கூடத்தில் நின்று, "ரட்டப்படையில நிறுத்துனா வெளங்குமா சாமி?" என்றார். இந்த முறை நான் எதிர்த்துப் பேசவில்லை. மூன்றாவதாகப் பிறந்தவளுக்குப் பள்ளிக்கூடப் பதிவேட்டில் அழகான பெயர் ஒன்று இருக்கிறது. வீட்டில் அவளுக்குப் பெயர் 'பதினொண்ணு'. போன மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். தட்டில் பலகாரத்தை வைத்தவள், மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து, "இந்த மிக்சர்ல இருக்கிற நெலக்கடலை கொட்டை வகையே இல்லீங்க மாமா, துவரை, அவரை மாதிரி பயறு வகை. உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று ஆரம்பித்தாள்.

நான் தலையில் கை வைத்தேன். இவர் மெதுவாக எழுந்து, மாட்டைப் பிடித்துக் கட்டப் போனார். எங்கள் வீட்டில் மாடு இல்லாமல் போய் இருபது வருஷமாகிறது.